ஏரி வண்டலை வயலில் கொட்டுமுன் பரிசோதியுங்கள்

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் எடுத்து வயலுக்கு அடிப்பது நம் முன்னோர் காட்டிய நல்வழி. மணற்பாங்கான நிலம் ஈரத்தையும் உரத்தையும் பிடித்துவைக்க வண்டல் பெரிதும் உதவும். ஆனால் குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் எப்போதாவது பாய்ந்த ஏரியாக இருந்தால், வண்டலைப் பரிசோதிக்காமல் எடுக்கக்கூடாது. "இப்போது தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். தண்ணீர் தெளிந்தாலும் வண்டலில் ஒட்டியது எளிதில் போகாது.

எது ஒட்டும், எது ஓடும்?

வேட்டியில் பட்ட உப்புத் தண்ணீர் அலசினால் போய்விடும். மஞ்சள் கறை போகாது. மண்ணிலும் இப்படித்தான். தோல் கழிவுநீரிலுள்ள குளோரைடு மண்ணில் ஒட்டாமல் கிணற்றுக்கு இறங்கிவிடும். சோடியம் களிமண்ணில் ஒட்டி, நிலத்தை இறுகிய களர் ஆக்கும். தோல் பதனிடப் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியமோ களிமண்ணிலும் மக்கிலும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வண்டலில் இவை இரண்டும் மிகுதி. ஆகவே குரோமியம் அங்கேயே தங்குகிறது.

வண்டல் காய்ந்து காற்றுப்படும்போது, மண்ணிலுள்ள மாங்கனீசு இதில் ஒரு சிறு பகுதியை ஆறாம் நிலைக் குரோமியமாக மாற்றக்கூடும். இது நச்சு மிக்கது. காரத்தன்மையுள்ள மண்ணில் ஒட்டாமல் நீரோடு நகரும்.

இப்பகுதியின் இழப்பு சிறிதல்ல. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பை, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக் கூறியது. நல்ல வயலுக்கு நாமே கழிவைக் கொண்டுவந்து சேர்க்கலாமா?

மாதிரி எடுக்கும் முறை

* கால்வாய் ஏரியில் சேரும் இடம், நடு ஏரி, கரையோரப் பள்ளம் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியே எடுக்கவும்.
* மேல் அரை அடியையும் அடுத்த அரை அடியையும் கலக்கக்கூடாது.
* குரோமியம் பூசிய கருவியோ எவர்சில்வர் கரண்டியோ வேண்டாம். மரக் குச்சி, பிளாஸ்டிக் முறம் போதும்.
* நிழலில் உலர்த்தி, அரை கிலோ வீதம் பையிலிட்டு, இடமும் ஆழமும் எழுதவும்.
* எல்லா மண்ணிலும் இயற்கையாகவே சிறிது குரோமியம் உண்டு. எனவே கழிவுநீர் படாத பக்கத்து ஏரி வண்டலையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பவும்.

வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, பேரூட்டச் சத்துகள் தெரியும், குரோமியம் தெரியாது. அதைத் தனியே கேட்க வேண்டும். எங்கு அனுப்பலாம் என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே கொட்டியிருந்தால்

ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடவும். மக்கு, ஆறாம் நிலைக் குரோமியத்தைத் திரும்ப மூன்றாம் நிலைக்குக் கொண்டுவர உதவும். முடிவு தெரியும்வரை அவ்வயலில் கீரை, கிழங்கு வகைகளைத் தவிர்க்கவும். களர் தெரிந்தால் பரிசோதனைப் பரிந்துரைப்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் கட்டி வடிக்கவும். ஜிப்சம் சோடியத்தை வெளியேற்றுமே தவிரக் குரோமியத்தை அகற்றாது. தோல் கழிவையோ கசடையோ வயலில் எரிக்க வேண்டாம். சூட்டில் அது நச்சு வடிவாக மாறும்.

வண்டிக்குச் சொல்லுமுன் வண்டலின் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொள்ளுமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.