மீண்டும் மீண்டும் வரும் வெள்ளைப்படுதல்



பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பிறப்புறுப்பில் ஓயாத அரிப்பு, எரிச்சல், திரிந்த பாலைப் போன்ற வெள்ளைப்படுதல். இவை காளான் தொற்றின் அறிகுறிகள். நம் வீடுகளில் இதை 'உடம்புச் சூடு' என்று சொல்லி, வெந்தயத்தையும் இளநீரையும் குடித்துவிட்டு மௌனமாக இருந்துவிடுகிறார்கள். உண்மையில் நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது.

இந்தக் காளான் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் உடலிலிருந்தேதான். 'காண்டிடா' என்பது இதன் பெயர். குடலில் குடியிருப்பது, நோயே இல்லாத பல பெண்களின் பிறப்புறுப்பிலும் அமைதியாக இருப்பது. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களும் உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கட்டு தளரும்போது அது பெருகுகிறது. மணமாகாத பெண்ணுக்கும் வரும். ஆகவே இதைக் காரணம் காட்டிக் கணவனோ மனைவியோ ஒருவர் மீது ஒருவர் ஐயப்படுவது அநியாயம். பால்வினை நோய்களின் வரிசையில் இதைச் சேர்ப்பதில்லை.

அசுத்தத்தால் வருவதும் அன்று. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவுவது புண்ணைத்தான் அதிகமாக்கும். வெற்றிலைச் சாறு கலந்தது என்று சொல்லிக் கடைகளில் விற்கும் கழுவுநீரும் வேண்டாம். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

கட்டு தளர்வது எதனால்? சளிக்கும் காய்ச்சலுக்கும் உண்ணும் ஆண்டிபயாட்டிக் மருந்துகள் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. கர்ப்ப காலத்தில் சுரப்பிகளின் மாறுதலால் வருவதுண்டு. பினாங்கின் புழுக்கத்தில் ஈர உடையோடு நெடுநேரம் இருப்பது நல்லதல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இறுகிய உடையில் வேலை செய்யும் பெண்கள் பருத்தி உள்ளாடை அணியலாம். ஆனால் உடையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது நீரிழிவை, அதாவது நம்மவர் சொல்லும் இனிப்பு நீரை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. இந்தியரிடையே அது மற்ற இனத்தாரைவிட அதிகம். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் காளானுக்குக் கொண்டாட்டம். ஓராண்டில் மூன்று தடவைக்குமேல் அரிப்பு திரும்பி வருகிறதா? சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். தனக்கு இனிப்பு நீர் இருப்பதையே அறியாத பெண்ணுக்கு, இந்த அரிப்பே முதல் எச்சரிக்கையாக அமையக்கூடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகுளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளாலும் இது வரலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை எளிதுதான். உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை, அல்லது வாய்வழி உண்ணும் ஃபுளுகோனசோல். கர்ப்பிணிகள் இரண்டாவதைத் தவிர்க்க வேண்டும். அடிக்கடி வருவோருக்கு வாரம் ஒரு மாத்திரையாக ஆறு மாதம் கொடுப்பார்கள். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவ்வாறு உண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த ஆறு மாதமும் நலமாக இருந்தார்கள். நிறுத்தி ஆறு மாதம் சென்றபின் நோய் திரும்பாதவர்கள் பாதிக்கும் குறைவே. அடக்கலாம், ஆனால் அடியோடு ஒழிப்பது கடினம் என்பதால், திரும்பி வந்தால் மனம் உடைய வேண்டியதில்லை.

வெள்ளைப்படுதல் எல்லாமே காளானும் அன்று. மீன் வாடை வந்தால் வேறு கிருமி. பச்சை, மஞ்சள் நிறமானால் வேறு. இரத்தம் கலந்திருந்தாலோ அடிவயிறு வலித்தாலோ தாமதம் கூடாது. அரிப்பு முதன்முறையாக வந்தாலும், மருந்துக்கு அடங்காவிட்டாலும் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, கசிவைப் பஞ்சில் எடுத்துச் சோதிக்கும்படி கேளுங்கள். சில வகைக் காண்டிடா ஃபுளுகோனசோலுக்கு எளிதில் மசிவதில்லை. எந்த வகை என்பது அந்தச் சோதனையில்தான் தெரியும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால், பதிவு செய்யும் இடத்திலேயே அதையும் கேட்கலாம்.