ஆதார் அட்டை தில்லி வரைக்கும்தான்

நேபாளத்துக்கு யாத்திரை கிளம்புகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கும் வேலை. யாரும் நியமிக்கவில்லை. எங்கள் தெரு பஜனை கோஷ்டியோடு ஒருதரம் முக்திநாத் போய்வந்ததில் ஒட்டிக்கொண்டது. சீசனுக்கு ஒரு குடும்பமாவது தில்லி விமான நிலையத்திலிருந்து எனக்கு போன் செய்துவிடும். “சார், கவுன்டர்ல ஏத்த மாட்டேங்கறாங்க. ஆதார் ஒரிஜினலே கையில இருக்கு சார்.”

ஆதார்தான் கையில் இருக்கிறது. அதுதான் கோளாறு.

கடைசியாக இப்படிப் பேசியவர் ஒரு மகள். அம்மாவுக்கு 68 வயது, அவருக்கு 42, பையனுக்கு 16. மூவரும் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். சென்னையில் தில்லி விமானம் ஏறும்போது வாசலில் அதே ஆதாரைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள், அதனால் சந்தேகமே வரவில்லை. தில்லியில் காத்மாண்டு விமானத்துக்கான கவுன்டரில் பாட்டிக்கு போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். மகளுக்கும் பேரனுக்கும் இல்லை என்றுவிட்டார்கள். பாட்டி தனியாகவா முக்திநாத் போவார்? மூவரும் ஊர் திரும்பினார்கள். டிக்கெட் பணம், ஓட்டல் முன்பணம் எல்லாம் போயிற்று. ஏற்பாடு செய்த டூர்க்காரரைக் கேட்டால், “நேபாளத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம்னுதான் சொன்னேன், அதுல என்ன தப்பு?” என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். பாதி உண்மை.

இந்தியக் குடிமக்கள் நேபாளத்துக்கோ பூடானுக்கோ போக விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கட்டாயமில்லை. நேபாளத்தோடு 1950-இல் போட்ட நட்புறவு ஒப்பந்தத்தின் பலன் இது. எல்லை திறந்தே கிடக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் வேண்டாம் என்பதற்கு, அதற்கு ஈடாக எதுவுமே வேண்டாம் என்று பொருளில்லை. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக இரண்டே இரண்டு ஆவணங்கள்தான் செல்லும். ஒன்று, காலாவதியாகாத இந்திய பாஸ்போர்ட். இல்லையென்றால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. பான் கார்டு செல்லாது. டிரைவிங் லைசென்ஸ் செல்லாது.

15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 65-ஐத் தாண்டியவர்களுக்கும் மட்டும் விலக்கு. வயதையும் ஆளையும் காட்டுகிற ஏதாவது ஒரு புகைப்பட அட்டை அவர்களுக்குப் போதும். 2019 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் இந்த இரு வயதினருக்கான பட்டியலில் ஆதாரையும் சேர்த்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கணிப்பு. “நேபாளம் போக இனி ஆதார் போதும்” என்ற பாதிச் செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. வயது வரம்பு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அந்தப் பாட்டிக்கு போர்டிங் பாஸ் கிடைத்ததும் மகளுக்குக் கிடைக்காததும் இதனால்தான்.

நாடு முழுக்கச் செல்லும் ஆதார் இங்கே மட்டும் ஏன் செல்லாது என்று கோபப்படுகிறார்கள். ஆதார் என்பது இங்கே வசிப்பதற்கான அடையாளம். குடியுரிமைக்கான சான்று அல்ல. இந்தியாவில் 182 நாள் தங்கியிருக்கும் வெளிநாட்டவரும் அதை வாங்கலாம். ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் உண்டு. இதைச் சென்னை விமான நிலையத்திலேயே தமிழில் ஒரு பலகையாக எழுதி மாட்டினால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும். டிக்கெட் விற்கிற இணையதளம் சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்கிறது. ‘உங்களிடம் பாஸ்போர்ட்டா, வாக்காளர் அட்டையா’ என்று ஒரு வரி கேட்டால் என்னவாம்? விதியெல்லாம் குடியேற்றத் துறையின் தளத்தில் ஆங்கிலத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாத்திரை கிளம்பும் பாட்டி யார்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். விசா வேண்டாம் என்பது வேறு, பாஸ்போர்ட் வேண்டாம் என்பது வேறு. தாய்லாந்து, மலேசியா என்று ‘விசா இல்லாமல் போகலாம்’ என்று விளம்பரம் வரும் நாடுகளுக்கெல்லாம் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கைக்கும் கட்டாயம், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள் என்பதால் அது ராமேஸ்வரம் பஸ் மாதிரி ஆகிவிடாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா ஒன்றுதான் விதிவிலக்கு. 1974 ஒப்பந்தப்படி இந்திய யாத்ரீகர்களிடம் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்பதில்லை. அதற்கும் முன்கூட்டியே பெயர் பதிந்து, அனுமதி பெற்ற படகில்தான் போக முடியும். அந்தத் தீவோடு சரி, அங்கிருந்து யாழ்ப்பாணம் எட்டிப்பார்க்க முடியாது. உரிய ஆவணமில்லாமல் நாட்டை விட்டு வெளியேறுவது 1967-ஆம் வருட பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதலில் உங்கள் வாக்காளர் அட்டையைத் தேடி எடுங்கள். பத்தில் எட்டு வீடுகளில் அது பீரோவில் பழைய கேஸ் புத்தகத்துக்கு அடியில் இருக்கும். எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று உங்களைத் தெரியாத ஒருவர் சொல்ல முடியுமா? பழைய கறுப்பு வெள்ளை லேமினேஷன் அட்டையில் முகம் கரிக்கட்டையாகத்தான் தெரியும். கவுன்டரில் இருப்பவர் சந்தேகப்பட்டால் அங்கே உங்களுக்கு வக்கீல் கிடையாது.

அட்டை தொலைந்திருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தாலோ, வீடு மாறியிருந்தாலோ எல்லாவற்றுக்கும் ஒரே படிவம்தான். படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலோ, செயலியிலோ போன் எண்ணைக் கொடுத்து நுழைந்து நிரப்பலாம். கணினி வராது என்றால் உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பிடியுங்கள். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். அவர் யாரென்று தெரியவில்லையா? 1950 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். அவரும் கைவிரித்தால் தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் எழுதிக் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். எண் இல்லாமல் நகராதீர்கள். “கொடுத்துட்டுப் போங்க, பாத்துக்கறோம்” என்பது ஒப்புகை ஆகாது.

இதுவரை பட்டியலிலேயே பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. பெயர் முன்பு இருந்தது என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம், திருத்தத்தின்போது நீக்கியிருக்கலாம். அட்டை எண்ணைப் போட்டு இன்றைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, புது அட்டை தபாலில், பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் வரும். நீங்கள் வீடு மாறி வருஷங்கள் ஆகி, முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால் பழைய வீட்டுக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். முதலில் முகவரி, பிறகு அட்டை.

இதையெல்லாம் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது ஆரம்பியுங்கள். டிக்கெட் போட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள். வாக்காளர் அட்டையைத் தளத்திலிருந்து போனில் இறக்கிக்கொள்ளும் வசதி 2021-இல் வந்தது. நல்ல வசதிதான், நகலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லை தாண்ட அசல் அட்டையைக் கையில் வையுங்கள். போனில் இருக்கும் படத்தைக் காட்டி வாதாடும் இடம் அதுவல்ல.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இனிஷியல் ஒரு தனி சாபம். வாக்காளர் அட்டையில் ‘ராமலட்சுமி’ என்று இருக்கும், கணவர் பெயர் தனி வரியில் இருக்கும். ஆதாரில் ‘எஸ். ராமலட்சுமி’. டூர்க்காரர் டிக்கெட்டில் ‘லட்சுமி சுப்ரமணியன்’ என்று அடித்திருப்பார். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அந்த ஆவணத்தில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும். டூர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் படத்தை அனுப்பாதீர்கள். வாக்காளர் அட்டையின் படத்தை அனுப்புங்கள். ஆதாரை அனுப்பினால் ஆதாரில் உள்ள பெயரில்தான் டிக்கெட் வரும்.

15-ஐத் தாண்டி 18 ஆகாத பிள்ளைகளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது, ஆகவே அட்டையும் கிடையாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழ் வேண்டும். சாதாரண போனஃபைட் சர்டிபிகேட் அல்ல. குடியேற்றத் துறை கொடுத்திருக்கும் மாதிரிப்படி. நீங்கள் கிளம்புவது மே மாதம். பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் சொந்த ஊருக்குப் போயிருப்பார். கடைசிப் பரீட்சைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிளஸ் டூ முடித்து, கல்லூரி சேராமல் இடையில் நிற்கிற 17 வயதுப் பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று அலைவதைவிட பாஸ்போர்ட் எடுத்துவிடலாம்.

குடும்பமாகப் போனால் ஒரு சலுகை உண்டு. பெரியவர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் ரேஷன் கார்டு போன்ற புகைப்பட அடையாளத்தையும் உறவுமுறையையும் காட்டிப் போகலாம். விதியில் இருக்கிறது. ஆனால் கவுன்டரில் உள்ளவருக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டுமே! அதை நம்பிக் கிளம்பாதீர்கள். நாற்பது பேர் கொண்ட பஜனை கோஷ்டி குடும்பம் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஒருவர் என்னிடம் உண்மையிலேயே கேட்டார்.

“நாங்க விமானத்துல போகலையே, கோரக்பூர் போய் சுனௌலி வழியா பஸ்ஸுல போறோம்” என்பவர்கள் உண்டு. அங்கே பல நாள் யாரும் எதையும் கேட்பதில்லை, நடந்தே வாசலைத் தாண்டிவிடலாம் என்பது நிஜம். கேட்டால் காட்ட வேண்டியது அதே தாள்தான். கேட்காத ஊரில் தைரியமாகப் போய்விட்டு, திரும்பும்போது மலைச்சரிவில் பாதை அடைபட்டு, விமானத்தில் தில்லி வந்துவிடலாம் என்று முடிவெடுப்பீர்கள். அப்போது காத்மாண்டு கவுன்டரில் நிற்பீர்கள், ஆதாரோடு. 2025 செப்டம்பரில் அங்கே கலவரம் மூண்டு விமான நிலையமே மூடப்பட்டதைப் பார்த்தோம். எந்த வழியில் திரும்ப வேண்டியிருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

நேபாளத்தில் அட்டை தொலைந்துவிட்டால் முதலில் உள்ளூர் போலீசில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். அதோடு காத்மாண்டு லைன்சோரில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். அவர்கள் தரும் அவசரச் சான்றிதழ் ஒரே ஒரு பயணத்துக்கு, இந்தியா திரும்புவதற்கு மட்டும் செல்லும். தொலைந்த அட்டையின் நகலும் நாலு பாஸ்போர்ட் சைஸ் படங்களும் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். இவற்றை அட்டை இருக்கும் பையில் வைக்காதீர்கள். பை போனால் சேர்ந்தே போகும்.

பூடான் இன்னும் கறார். எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கில் அனுமதிச் சீட்டு வாங்க பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கேட்பார்கள். பாஸ்போர்ட் என்றால் இன்னும் ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட், இல்லையேல் பிறப்புச் சான்றிதழ், அதுவும் ஆங்கிலத்தில். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணமும் உண்டு. டூர்க்காரர் சொன்ன தொகையில் அது அடக்கமா என்று கேளுங்கள்.

கைலாஷ் மானசரோவர் நேபாளம் வழியாகப் போனாலும் முடிவது திபெத்தில், அதாவது சீனாவில். அங்கே பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. முக்திநாத்துக்குச் செல்லுபடியான அட்டையை மானசரோவருக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கல்ஃபில் வேலை வாங்கித் தருகிறேன், காத்மாண்டு வழியாக அனுப்புகிறேன், அதுவரை பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டியதில்லை என்று ஏஜென்ட் சொன்னால் அன்றைக்கே அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நேபாளத்திலிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போக இந்தியருக்கு பாஸ்போர்ட் வேண்டும். அந்தச் சுற்றுவழியே இங்குள்ள குடியேற்றச் சோதனையை ஏமாற்றத்தான்.

கேட்டால் என் யோசனை, 15-க்கும் 65-க்கும் நடுவில் உள்ள எல்லோரும் பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள் என்பதுதான். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தத்கல் என்றால் இன்னும் 2,000. பத்து வருடம் செல்லும். சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல அலுவலகங்களின் கீழ் பல ஊர்த் தலைமைத் தபால் நிலையங்களிலேயே சேவை மையம் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஒருவேளை டிக்கெட்டில் இழந்த பணத்தில் வீட்டில் எல்லோருக்குமே எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லையா, சரி. இந்த இதழை மூடிவைத்ததும் பீரோவைத் திறந்து வாக்காளர் அட்டையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நாளைக்கே படிவம் 8 போடுங்கள். தில்லியிலிருந்து எனக்கு போன் செய்து பயனில்லை.