பெயர் சொன்னால் உடனே வருகிறது, பட்டியல் கேட்டால் ஏன் திணறுகிறது?

திருப்பூர், பல்லடம், பொங்கலூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் பிரிண்டிங், எம்ப்ராய்டரி டிசைன் ஃபைல்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் சேரும். பெரும்பாலும் எல்லாம் ஒரே ஃபோல்டரில்தான். பெயர் தெரிந்த ஃபைலைக் கேட்டால் சட்டென்று திறக்கும். ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "டிஸ்க் ஸ்லோங்க, எஸ்எஸ்டி போட்டுரலாம்" என்று யாராவது சொல்வார்கள். செலவும் செய்துவிடுவார்கள். வட்டம் அப்படியேதான் சுற்றும்.

ஏன் என்று புரிந்துகொள்ள குளஸ்டர்எஃப்எஸ் நல்ல உதாரணம். பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டும் மென்பொருள் இது. இதை உருவாக்கிய குளஸ்டர் நிறுவனத்தை 2005-ல் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2011 அக்டோபரில் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

பதிவேடு இல்லாத குடோன்

இந்த மாதிரி அமைப்புகள் பலவற்றில் "எந்த ஃபைல் எந்த சர்வரில்" என்று எழுதி வைக்க மெட்டாடேட்டா சர்வர் என்று ஒன்று தனியாக இருக்கும். அது படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடும். குளஸ்டர் அதையே எடுத்துவிட்டது. ஃபைல் பெயரை ஒரு ஹாஷ் கணக்கில் போட்டால் ஓர் எண் வரும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த சர்வருக்கு என்று முன்பே பிரித்து வைத்திருக்கும். உங்கள் கணினியே கணக்குப் போட்டு நேராக அந்த சர்வரிடம் போய்விடும். நடுவில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் பெயர் சொன்னால் உடனே வருகிறது.

ஆனால் "உள்ளே என்னென்ன இருக்கு?" என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு உதவாது. பெயர் தெரிந்தால்தானே ஹாஷ் போட முடியும்! ஆக, ஒவ்வொரு சர்வரிடமும் போய்க் கேட்டாக வேண்டும். குளஸ்டர் இதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கேட்டுவந்தது. எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்கும் வசதி 2017-ல் 3.10 பதிப்பில்தான் வந்தது.

பெயரோடு முடிவதில்லை

லினக்ஸில் 'எல்எஸ் -எல்' அடித்தால் பெயர் மட்டும் போதாது. அளவு, தேதி, உரிமையாளர் எல்லாம் வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக 'ஸ்டாட்' என்ற கேள்வி போகும். இரண்டு மூன்று பிரதி வைத்திருந்தால், பிரதிகள் ஒத்துப்போகிறதா என்று எல்லா இடத்திலும் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபோல்டரில் 20,000 ஃபைல். ஆபீஸுக்குள் ஒரு கேள்வி போய் பதில் வர அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 10 விநாடி. சர்வர் சென்னையில் இருந்தால்? கேபிள் தூரம் 500 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக வர 1,000 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆக ஒரு கேள்விக்கு 5 மில்லிசெகண்ட். 20,000 கேள்விக்கு 100 விநாடி. இது ஒளியின் வேகம் மட்டும்தான், நடுவிலிருக்கும் கருவிகளின் தாமதத்தைச் சேர்க்கவே இல்லை. எந்த எஸ்எஸ்டியும் இதைக் குறைக்காது.

குறைக்க வேண்டியது கேள்விகளின் எண்ணிக்கையை. பெயர்களோடு விவரங்களையும் கட்டாக அனுப்பும் 'ரீட்டிர்பிளஸ்' முறை 1995-லேயே என்எஃப்எஸ் 3-ம் பதிப்பில் வந்துவிட்டது. குளஸ்டர் பயன்படுத்தும் ஃபியூஸ் வழிக்கு இது 2013-ல் லினக்ஸ் 3.9-ல்தான் கிடைத்தது.

செய்து பார்க்க வேண்டியது

முதலில் அளந்து பாருங்கள். 'எல்எஸ் -எஃப்' வரிசைப்படுத்தாமல், விவரம் கேட்காமல் பெயர்களை மட்டும் கொட்டும். அது வேகமாக வந்து, 'எல்எஸ் -எல்' மட்டும் இழுத்தால், நேரம் போவது ஸ்டாட் கேள்விகளில்தான். இரண்டுமே இழுத்தால் ஃபோல்டரை வாசிப்பதிலேயே சிக்கல்.

சம்பா வழியாக விண்டோஸில் பார்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். படச் சிறுவடிவம் காட்டச் சொன்னால் விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து படிக்கும். பெரிய ஃபோல்டரில் அதை நிறுத்திவிடுங்கள். அடுத்தது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு. ஆகவே புதிதாக ஒரு ஃபைல் சேர்க்கும்போது, அதே பெயர் வேறு எழுத்தில் ஏற்கனவே இருக்கிறதா என்று சம்பா ஃபோல்டர் முழுவதையும் தேடும். ஒரு ஃபைல் சேவ் பண்ண ஏன் இவ்வளவு நேரம் என்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: வருஷம், பையர், ஸ்டைல் நம்பர் என்று ஃபோல்டரைப் பிரிப்பது. ஒரு ஃபோல்டரில் 20,000-க்குப் பதில் 200 இருந்தால், அதே சென்னைக் கணக்கு 100 விநாடியிலிருந்து ஒரு விநாடிக்கு இறங்கிவிடும். ரொம்பச் சின்னதாக நறுக்கவும் வேண்டாம். குளஸ்டரில் ஒவ்வொரு ஃபோல்டரும் எல்லா சர்வரிலும் உருவாக்கப்படும், ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் எல்லோரையும் கேட்டாக வேண்டும். புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடும் முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.