திருகோணமலைத் துறைமுகமும் அயல் வல்லரசும்

திருகோணமலையை இயற்கைத் துறைமுகமென்று புகழ்வது மரபு. அதனை அரசியற் பொருளாதார நிலைநின்று நோக்குவது எமது எண்ணம். 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்பும், 1947 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வழி அது பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே இருந்தது. 1957 இலேயே கையளிக்கப்பட்டது.

1987 யூலை 29 இல் கொழும்பிற் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் இனப்பிரச்சினைக்குத் தீர்வு காணவே எழுந்ததென்பர். ஆயின் அன்றே ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் பரிமாறிய கடிதங்களையும் உடன்வைத்து வாசித்தல் வேண்டும். இந்திய நலனுக்கு ஊறாகும் வகையில் திருகோணமலையோ பிற துறைமுகங்களோ எந்நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டிற்கு விடப்படா என்பதும், திருகோணமலை எண்ணெய்க் குதங்களைச் சீர்செய்து இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாகும் என்பதும் அவற்றிலுள்ளன.

ஒரே நாளிற் பிறந்த வாக்குறுதிகள் ஒரே கதியை அடையவில்லை. ஒப்பந்தவழி வந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தற்காலிக இணைப்பு 2006 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பாற் செல்லாததாயிற்று. குதங்களோ, காலந்தாழ்த்தியேனும், மறக்கப்படவில்லை. 2022 சனவரியில், சீனக்குடாவிலுள்ள 99 குதங்களுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைத் துணைநிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இவ்விரண்டின் கூட்டுக் கம்பனிக்குமாகப் பகிரப்பட்டன. அக்கம்பனியில் 51 வீதம் இலங்கையினது என்பதையும் இங்குக் குறித்தல் நேர்மை.