தென்துருவத்துக் குன்றுகளும் எங்கள் ஊர்ப் பெயர்களும்

கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று தெற்கே பார்த்தால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரிக் கரை தெரியும். அதையும் தாண்டி, இலங்கையின் தென்முனையையும் கடந்து நேர் தெற்கே போனால் பெருங்கடல் மட்டுமே. சுமார் 8,700 கிலோமீற்றர் தொலைவில் அந்தார்ட்டிக்காவின் கரை வரும். எங்கள் நெடுங்கோட்டுக்கு மிக அருகில், பனி மூடாத குன்றுகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் பெயர் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகள்.

இதை எனக்குச் சொன்னவர் யுத்த காலத்தில் நோர்வேக்குப் போன என் மச்சான். அவர் வசிப்பது அந்நாட்டின் வெஸ்ட்ஃபோல்ட் மாகாணத்தில். "நாங்கள் இருக்கிற இடத்தின்ர பெயரில தென்துருவத்தில மலை இருக்கு" என்றார். தேடிப் படித்தேன்.

வெஸ்ட்ஃபோல்ட் ஒரு காலத்தில் நோர்வேயின் திமிங்கில வேட்டைத் தொழிலின் மையம். அங்கிருந்த கப்பல் முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனின் கப்பலொன்றை ஓட்டிவந்த கப்டன் கிளாரியஸ் மிக்கெல்சன், 1935 பெப்ரவரி 20இல் இப்பகுதியில் கரையிறங்கினார். உடன் இறங்கிய அவருடைய மனைவி கரோலின், அந்தார்ட்டிக்காவில் கால்பதித்த முதற் பெண் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டார். அவர் இறங்கியது கரையோரத் தீவொன்றில் என்று பின்னர் ஆய்வாளர்கள் கூறினர். குன்றுகளுக்குத் தங்கள் மாகாணத்தின் பெயரை வைத்தார்கள். அந்தக் கரைக்கு முதலாளியின் மனைவி இங்கிரிட் கிறிஸ்டென்சனின் பெயர் கிடைத்தது.

சுமார் 400 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இக்குன்றுகள் உயரமானவை அல்ல. 150 மீற்றரைச் சற்றே தாண்டும். இடையிடையே ஏரிகள். அவற்றில் ஒன்றின் நீர் கடல்நீரைவிடப் பத்து மடங்கு உப்பானது, கடுங்குளிரிலும் உறையாது. ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல. அவுஸ்திரேலியாவின் டேவிஸ் ஆய்வு நிலையம் 1957 முதல் இங்கே இருக்கிறது.

தென்மேற்கே சுமார் 100 கிலோமீற்றரில் லார்ஸ்மன் குன்றுகள் உள்ளன. மிக்கெல்சன் 1935இல் கண்ட இடந்தான். இன்று ரஷ்யா, சீனா, இந்தியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அங்குண்டு. இந்தியாவின் நிலையம் 2012இல் திறக்கப்பட்ட 'பாரதி'. ஒவ்வொரு நாடும் தன் மொழியில் பெயர் வைப்பதால், ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் வந்துவிட்டன.

அதற்காக அங்கே யாரும் அடிபடவில்லை. 1959இன் அந்தார்ட்டிக்க உடன்படிக்கை நில உரிமைக் கோரிக்கைகளை உறைநிலையில் வைத்திருக்கிறது. விஞ்ஞானிகளின் சர்வதேசக் குழு 1992 முதல் எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கிறது. ஒரு பெயரை ஏற்பதற்காக இன்னொன்றை அழிப்பதில்லை.

மனிதர் குடியிருந்திராத குன்றுக்கே இந்த மரியாதை. தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்ந்த எங்கள் நிலத்தில் நடந்தது வேறு. 1984இல் தமிழ் மக்கள் விரட்டப்பட்ட மணலாறு, பிறகு வெலிஓயா ஆனது. மணலும் ஆறும் சிங்களத்துக்கு மாறின. அங்கு வாழ்ந்தவர்கள் வெளியே நின்றார்கள். முல்லைத்தீவின் குருந்தூர்மலையைக் குருந்தி விகாரை என்று உரிமை கோரும் பிரச்சினை நீதிமன்றம் வரை போனது. மிக்கெல்சன் வைத்த பெயருக்கு முன் அங்கே வேறு பெயர் இருக்கவில்லை. எங்களுடையவற்றுக்கு இருந்தது. வித்தியாசம் அதுதான்.

பதிவில் இல்லாத பெயரை மாற்றுவது சுலபம். ஆகவே எங்கள் துறையின் வயதான கடற்றொழிலாளர் ஒருவரிடம், கடல்நீரேரியில் வலை போடும் இடங்களின் பெயர்களைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாளில் பதினேழு பெயர்கள் சொன்னார். என்னிடமுள்ள வரைபடத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் ஊரிலும் குளத்துக்கும் வயலுக்கும் ஒழுங்கைக்கும் பெயர் இருக்கும். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.