உரையாடல் கூடத்தின் சாவி யாரிடம்?

2004 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தொடங்கிய ஆர்க்குட், இந்தியாவிலும் பிரேசிலிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஒத்த ஆர்வமுடையோர் எண்ணற்ற குழுமங்களில் கூடி உரையாடினர். 2014 செப்டம்பர் 30 அன்று அத்தளம் மூடப்பட்டபோது அந்த உரையாடல்களும் நின்றுபோயின. கூடியவர் பலர், கூடத்தின் சாவியோ ஒருவரிடம்.

மையப்படுத்தப்பட்ட தளங்களின் இயல்பு இதுவே. அவற்றில் நுழைவதும் தேடுவதும் எளிது. தீய பதிவுகளை நீக்கும் பொறுப்பை ஒரே நிர்வாகம் ஏற்கிறது. விதிகளை மாற்றும் உரிமையும் அதனிடமே உள்ளது.

மாற்றுவழி இதனினும் பழையது. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் வகுத்த யூஸ்நெட்டில், ஒவ்வொரு செய்தியும் பல கணினிகளுக்கு நகலாகிச் சென்றது. ஒரு கணினி பழுதுற்றாலும் உரையாடல் தொடர்ந்தது. ஆனால் 1994இல் ஒரே விளம்பரம் ஆயிரக்கணக்கான குழுக்களில் இடப்பட்டபோது, அதைத் தடுக்கும் மைய அதிகாரம் எவரிடமும் இல்லை.

2016இல் தோன்றிய மாஸ்டடான் இடைவழியை நாடுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் ஒன்றையொன்று சென்றடைவது போல, தனித்தனி சர்வர்கள் பொது நெறிமுறையால் இணைகின்றன. பழைய சர்வர் இயங்கும்போதே வேறொன்றுக்கு மாறினால், பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் உடன் வருவதில்லை.

ஆகவே எத்தளமாயினும், நம் எழுத்தையும் படங்களையும் அவ்வப்போது பதிவிறக்கி வைப்போம். கணக்கு அறிக்கையைப் பத்திரப்படுத்தும் நமக்கு இப்பழக்கம் புதிதன்று.