உங்களுக்குத் தெரியுமா? தேயிலை ஒரு மரம்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் தேயிலை மலையை இயற்கைக் காட்சி என்றே எண்ணிப் படமெடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை முழுக்க உழைப்பால் ஆனது. தேயிலை இயல்பில் மரம். வெட்டாமல் விட்டால் இரண்டு ஆள் உயரத்தையும் தாண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் கொழுந்து பறிப்பதால்தான் இடுப்பளவில் நிற்கிறது. 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், அதுவரை அங்கு விளைந்த காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் மலையகமெங்கும் பரவியது. அதைப் பரப்பியவை தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களின் கைகள்.

ஆகவே தோட்டத்துக்குப் போனால் தொழிற்சாலையோடு கொழுந்து நிறுக்கும் இடத்தையும் பார்ப்பதே முறை. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும்; அதுவும் இரண்டு இலை, ஒரு மொட்டாகக் கிள்ளியது. உழைப்பவர்களை வேடிக்கை பார்ப்பது அவமதிப்பல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களைப் பார்க்காமல் மலையை மட்டும் ரசிப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு. பறித்த எடையும் கூலியைத் தீர்மானிக்கிறது என்பதால், படத்துக்காக ஒருவரை நிறுத்திவைத்தால் அவருடைய வருமானம் குறையலாம். பேச விரும்பினால் நிறுவை முடிந்தபின், அனுமதி கேட்டு அணுகலாம்.